கர்ப்பத்தில் பிபி இருக்கும்போது அக்குபிரஷர்: எதற்கு அழுத்தலாம், எதற்கு அளக்க வேண்டும்

நீங்கள் கேட்டது இது: தங்கைக்கு 29-ஆவது வாரம் நடக்கிறது. 26-ஆவது வாரத்தில் பிபி 146/94 என்று வந்து, லேபடலால் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். சிறுநீரில் புரதம் இல்லை. குமட்டல், இடுப்பு வலி, கால் வீக்கம், அவ்வப்போது தலைவலி, தூக்கமின்மை என்று ஐந்து தொந்தரவுகள். இருக்கிற மாத்திரை போதாதென்று இதற்கெல்லாம் வேறு மாத்திரையா, அக்குபிரஷர் செய்துகொள்ளலாமா, அப்படியே பிபியை இறக்கவும் ஒரு புள்ளி உண்டாமே என்கிறீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். அக்குபிரஷரும் முறையாகப் படித்து, கர்ப்பிணிகளுக்குப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். ஆகவே இதை மட்டம் தட்டிப் பேச எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தும், உங்கள் தங்கையின் ஐந்து தொந்தரவுகளில் தூக்கமின்மைக்கு மட்டும்தான் யோசிக்காமல் சரி என்பேன். குமட்டலுக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்வேன். இடுப்பு வலிக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. தலைவலிக்கும் கால் வீக்கத்துக்கும் கை வைக்க மாட்டேன்.

பிபியை இறக்கும் புள்ளி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பாதத்தின் மேல்பக்கத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலிருந்து கணுக்காலை நோக்கித் தடவிக்கொண்டே போனால், இரண்டு எலும்புகளும் கூடும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளம் தட்டுப்படும். தாய்ச்சோங் என்பார்கள். அங்கே அழுத்தினால் பிபி குறைந்தது என்று சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் அவை கர்ப்பமில்லாத, சாதாரண ரத்தக்கொதிப்பு உள்ளவர்களிடம் செய்தவை. குறைந்ததும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கண்ணை மூடி ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சு விட்டாலும் பிபி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

கர்ப்பத்தில் ஏறும் பிபியின் கதை வேறு. முதல் சில மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, அங்குள்ள சுருள் தமனிகளை அகலப்படுத்த வேண்டும். அந்த வேலை அரைகுறையாக நின்றுவிட்டால் நஞ்சுக்கொடிக்குப் போதிய ரத்தம் வராது. அது தாயின் ரத்தத்தில் சில புரதங்களை அளவுக்கு மீறிக் கொட்ட ஆரம்பிக்கும். அவற்றில் முக்கியமானது எஸ்எஃப்எல்டி-1. இதன் பங்கை 2003-இல் பாஸ்டனில் அனந்த் கருமாஞ்சியின் குழு விளக்கியது. ரத்தக்குழாய்களின் உள்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளை இந்தப் புரதம் மடக்கிப் பிடித்துக்கொள்கிறது. விளைவாகக் குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுகிறது, கல்லீரலும் மூளையும்கூடப் பாதிக்கப்படலாம். இதுதான் முன்சூல்வலிப்பு, பிரீஎக்ளாம்ப்சியா. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் அதன் வேர் அறும். அதுவரை மாத்திரையும் கண்காணிப்பும்தான். பாதத்தில் விரலை வைத்து நஞ்சுக்கொடியைச் சரிசெய்ய முடியாது.

உங்கள் தங்கைக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. 20 வாரத்துக்குப் பிறகு பிபி மட்டும் ஏறியிருக்கிறது, புரதம் இல்லை. ஆனால் இப்படித் தொடங்குகிறவர்களில், அதிலும் 32 வாரத்துக்கு முன்பே தொடங்குகிறவர்களில், கணிசமானவர்களுக்குப் பின்னால் முன்சூல்வலிப்பு வருகிறது. இனிமேல் வரும் ஒவ்வொரு புதுத் தொந்தரவையும் 'கர்ப்பம்னா இதெல்லாம் இருக்கும்' என்று தள்ளிவிட முடியாது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

அந்தப் புள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் செக்கப்புக்குக் கிளம்பும் முன், 'டாக்டர் பார்க்கும்போது பிபி நார்மலாக இருக்கட்டும்' என்று அழுத்திவிட்டுப் போகிறார்கள். தற்காலிகமாக இறங்கிய எண் சீட்டில் ஏறுகிறது. அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டாமல் விட்டால் யாருக்கு நஷ்டம்? பிபி அளப்பதற்கு முன்னால் எந்தப் புள்ளியையும் அழுத்தாதீர்கள்.

சரி, தலைவலி. இங்கேதான் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன்.

தலைவலிக்கு என்று எல்லோருக்கும் தெரிந்த புள்ளி ஒன்று உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் சதை மேடு, ஹெகு. இணையத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இதைத்தான் காட்டுவார்கள். கர்ப்பிணிக்குத் தவிர்க்க வேண்டிய புள்ளிகளில் மரபு முதலில் சொல்வதும் இதைத்தான். அதைவிடப் பெரிய காரணம், பிபி உள்ள கர்ப்பிணியின் தலைவலி ஒரு செய்தி. மூளையின் ரத்தக்குழாய்கள் இறுகுவதால் வரும் தலைவலியும், சரியாகத் தூங்காததால் வரும் தலைவலியும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி இருக்கும். நெற்றியை அமுக்கிப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பிபி மீட்டரால்தான் ஒரு துப்பாவது கிடைக்கும்.

இதை நான் கற்றது என் தவறிலிருந்து. தொழிலுக்கு வந்த புதிதில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் கழுத்துப் பிடிப்பும் தலைவலியும் என்று வந்தார். கழுத்துத் தசைகள் இறுகித்தான் இருந்தன. இருபது நிமிடம் அழுத்திவிட்டேன். 'இப்போ பரவாயில்லை' என்றார். எழுந்து நின்றவர் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்ற பிறகுதான் பிபி பார்த்தேன். 168/112. அன்றே மருத்துவமனையில் சேர்த்தார்கள், தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த இருபது நிமிடத்தை நான் வீணடித்தேன். வலி சற்றுக் குறைந்ததே அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கக்கூடும். அன்றிலிருந்து என் மேஜையில் பிபி மீட்டர்தான் முதலில். அளக்காமல் எந்தக் கர்ப்பிணியையும் தொடுவதில்லை.

எண்களைச் சொல்லிவிடுகிறேன். 140/90-ம் அதற்கு மேலும் கர்ப்பத்தில் உயர் ரத்த அழுத்தம். மேல் எண், கீழ் எண் இரண்டில் எது தாண்டினாலும் கணக்குத்தான். 160/110-ஐத் தொட்டால் அது அவசரநிலை. பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்தும் அப்படியே இருந்தால், ஒரு மணி நேரத்துக்குள் மருந்து கொடுத்து இறக்க வேண்டும். நாளைக் காலை பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண் குறைவாக இருந்தாலும் சில அறிகுறிகள் தனியாகவே ஆளைக் கிளப்பிவிட வேண்டும். விடாத தலைவலி, கண்முன் மின்னல் வெட்டுவது அல்லது பார்வை மங்குவது, விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கமோ மேல் வயிற்றின் நடுவிலோ வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மூச்சுத் திணறல், குழந்தையின் அசைவு குறைவது. மேல் வயிற்று வலியை நெஞ்செரிச்சல் என்று எண்ணி ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. கல்லீரல் வீங்கும்போது வரும் வலி அச்சு அசலாக அப்படித்தான் இருக்கும். இவற்றில் எதுவும் இருக்கும் நாளில் அக்குபிரஷர் பேச்சையே எடுக்க வேண்டாம்.

இப்போது குமட்டல். நான் கேட்க நினைத்த கேள்வி: இது மூன்றாம் மாதத்திலிருந்து தொடர்ந்து வருகிறதா, நடுவில் நின்றுபோய் இப்போது புதிதாக ஆரம்பித்ததா? மசக்கை பெரும்பாலும் 16 முதல் 20 வாரத்துக்குள் ஓய்ந்துவிடும். சிலருக்குக் கடைசிவரை நீடிக்கும், அது வேறு. ஆனால் ஓய்ந்துபோன குமட்டல் ஏழாம் மாதத்தில், அதுவும் பிபியோடு சேர்ந்து திரும்பி வந்தால், அதை மசக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். கல்லீரல் என்சைம்களையும் ரத்தத் தட்டணுக்களையும் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

பழைய குமட்டலின் தொடர்ச்சிதான் என்றால், அக்குபிரஷரில் ஓரளவுக்காவது சான்று உள்ள இடம் இதுதான். உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மறு கையின் மூன்று விரல்களைக் குறுக்காக வையுங்கள். தங்கையின் கைக்கு அவளுடைய விரல்தான் அளவு, உங்களுடையது அல்ல. மூன்றாவது விரல் முடியும் இடத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள பள்ளம் நெய்குவான். பி6 என்றும் சொல்வார்கள். கையை லேசாக மடக்கினால் தசைநாண்கள் எழும்பித் தெரியும். கட்டைவிரலால் மெதுவாக அழுத்தம் கூட்டி, மந்தமான ஒரு கனம் உணரும் இடத்தில் நிறுத்துங்கள். வலிக்கக் கூடாது. ஒன்றிரண்டு நிமிடம், பிறகு மறு கை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போதும். இந்தப் புள்ளியில் பித்தான் வைத்துத் தைத்த கைப்பட்டைகளும் கிடைக்கின்றன.

எவ்வளவு பலன் தரும்? 1988-இல் பெல்ஃபாஸ்ட்டில் மயக்கவியல் மருத்துவர் ஜான் டண்டீயின் குழு 350 கர்ப்பிணிகளை மூன்றாகப் பிரித்தது. ஒரு குழு பி6-ஐ அழுத்தியது, இன்னொன்று முழங்கைப் பக்கம் ஒரு போலிப் புள்ளியை அழுத்தியது, மூன்றாவது எதுவும் செய்யவில்லை. தொந்தரவான குமட்டல் இருந்தவர்கள் பி6 குழுவில் 119 பேருக்கு 23, போலிப் புள்ளிக் குழுவில் 112-க்கு 41, சும்மா இருந்த குழுவில் 119-க்கு 67. பி6-க்கு ஓட்டுப் போடும் எண்கள்தான். ஆனால் போலிப் புள்ளியே பாதி வேலையைச் செய்திருப்பதைக் கவனியுங்கள். நம் உடம்பை நாமே கவனித்து, நின்று, மூச்சு விட்டு, அழுத்திக்கொள்வதிலேயே ஒரு சுகம் இருக்கிறது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பலன், சிலவற்றில் இல்லை.

பிபி உள்ளவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பி6-க்கு நேர் கீழேதான் மீடியன் நரம்பு ஓடுகிறது. கர்ப்பத்தில் உடம்பில் நீர் கோத்து, மணிக்கட்டில் அந்த நரம்பு நசுங்கி, இரவில் விரல்கள் மரத்துப்போவது சகஜம். வீக்கம் அதிகமுள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். தங்கைக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் மரமரப்பு இருந்தால் பி6-ஐ விட்டுவிடுங்கள். கைப்பட்டை போட்டிருந்தால் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். கழற்றும்போது தோலில் ஆழமாகத் தடம் பதிந்திருந்தால் பட்டை இறுக்கம் என்று அர்த்தம். தடம் மட்டுமல்ல, கை முன்பைவிட வீங்கியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

தூக்கத்துக்கு இரண்டு இடங்கள். மணிக்கட்டு மடிப்பிலேயே, சுண்டுவிரல் பக்கம், சிறிய உருண்டை எலும்பை ஒட்டி உள்ள பள்ளம் ஒன்று. இரண்டு புருவங்களுக்கும் நடுவே பொட்டு வைக்கும் இடம் மற்றொன்று. முதலாவதைக் கட்டைவிரலால் லேசாக, இரண்டாவதை நடுவிரல் நுனியால் வட்டமாகத் தேய்ப்பதுபோல. தங்கை ஒருக்களித்துப் படுத்திருக்கட்டும், இடப்பக்கமானால் நல்லது, முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. மல்லாக்கப் படுக்கவைத்து எதையும் செய்யாதீர்கள். இந்த மாதத்தில் கருப்பையின் கனம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, அவளுக்குத் தலைசுற்றும், குழந்தைக்கு ரத்த ஓட்டமும் குறையும். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு என்ற வேகத்தில் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பாதி வேலையை மூச்சுதான் செய்கிறது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிவிடுவதும் கொஞ்சம் செய்யும்.

இடுப்பு வலிக்குப் புள்ளிகள் இல்லாமல் இல்லை. ஆனால் நன்றாகக் கேட்கும் புள்ளிகள் எல்லாம் முதுகின் அடியில், திரிக எலும்பின் மேல் இருக்கின்றன. அவை கர்ப்பத்தில் தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் உள்ளவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டுப் பேறுகாலப் பராமரிப்புப் பரிந்துரைகளில் இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, பிசியோதெரபி, இடுப்புப் பட்டை, அக்குபஞ்சர் ஆகியவை இருக்கின்றன. தங்கைக்கு நான் பட்டையையும், நாலுகாலில் நின்று முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்தும் பயிற்சியையும் சொல்வேன். மருத்துவர் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியிருந்தால் முதலில் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இடுப்பு வலி விட்டுவிட்டு வந்தாலோ, வயிறு கல் மாதிரி இறுகினாலோ அது தசை வலி இல்லை. பிபி உள்ளவர்களுக்கு நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியும் ஆபத்து சற்று அதிகம் என்பதால் உடனே கிளம்புங்கள்.

தவிர்க்க வேண்டிய இடங்களைச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: முன்னே சொன்ன ஹெகு; கணுக்காலின் உள்பக்க எலும்புக்கு நாலு விரல் மேலே உள்ள சான்யின்ஜியாவ்; தோள்பட்டையின் உச்சி; வெளிக் கணுக்காலுக்குப் பின்புறம்; கால் சுண்டுவிரல் நகத்தின் ஓரம்; திரிக எலும்பு. இவற்றை அழுத்தினால் பிரசவ வலி வந்துவிடும் என்பது மரபு. ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குப் பெரிதாக ஆதரவு தரவில்லை. வலியைத் தொடங்கவைக்க வேண்டுமென்றே இவற்றை அழுத்திப் பார்த்த சோதனைகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில்கூட, அக்குபிரஷரால் சிசேரியன் குறைந்ததாகத் தெளிவான பலன் தெரியவில்லை. அப்படியானால் ஏன் தவிர்க்கிறேன்? 29-ஆவது வாரத்தில், பிபியோடு இருக்கும் ஒருத்திக்கு இவற்றை அழுத்துவதால் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. நாளைக்கு எது நடந்தாலும் 'அன்றைக்கு அங்கே அழுத்தினோமே' என்ற உறுத்தல் மட்டும் குடும்பத்தில் தங்கிவிடும்.

கால் வீக்கம். சாயங்காலம் இரண்டு பாதமும் சமமாக வீங்கி, காலையில் வடிந்தால் பயமில்லை. காலை உயர்த்தி வைக்கலாம், கணுக்காலைச் சுழற்றலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகவோ தொட்டால் வலிப்பதாகவோ இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். கர்ப்பத்தில் அந்த ஆபத்து நாலைந்து மடங்கு அதிகம். அங்கே அழுத்திப் பிசைந்தால் உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். கெண்டைக்காலைப் பிடித்துவிடும் வழக்கம் வீட்டில் இருந்தால் குழந்தை பிறக்கும்வரையாவது நிறுத்திவையுங்கள்.

வேறு ஆளிடம் போய்ச் செய்துகொள்வதானால் இரண்டு விஷயங்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்று, பிபி இருப்பதும் என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்பதும். முன்சூல்வலிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அல்லது தட்டணு குறைந்திருந்தால், பலமாக அழுத்திய இடம் கன்றிப்போகும். அழுத்தாத இடத்திலேயே காரணமில்லாமல் கன்றியிருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு, மாத்திரையைப் பற்றி அவர் கருத்துச் சொல்லத் தேவையில்லை என்பது. 'இதைத் தொடர்ந்து செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம்' என்று யாராவது சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். லேபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவை கர்ப்பத்தில் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்படுபவை. நாமாக நிறுத்தினால் பிபி சட்டென்று ஏறும்.

வீட்டில் அளக்க மேல்கையில் சுற்றும் மீட்டரை வாங்குங்கள், மணிக்கட்டு மீட்டர் வேண்டாம். கர்ப்பிணிகளிடம் சோதித்துச் சரிபார்த்த மாடலா என்று கேளுங்கள். சாதாரண மெஷின்களில் சில, முன்சூல்வலிப்பில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்க, பேச்சுக் கொடுக்காமல் இரண்டு தடவை. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் எண் பொய்யாக ஏறும். தேதி, நேரம், இரண்டு எண்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அக்குபிரஷர் செய்த நாளில் எந்த நேரத்தில் செய்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்தால், எண்ணைப் படிக்கும் மருத்துவருக்கு உதவும்.

கடைசியாக நீங்கள் கேட்காத ஒன்று. குழந்தை பிறந்தவுடன் இந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிபி மறுபடி உச்சத்துக்குப் போவது வழக்கம். வீட்டுக்கு வந்த பிறகும் வலிப்பு வரலாம், ஆறு வாரம் வரை கவனம் வேண்டும். அப்போது ஹெகுவோ திரிக எலும்போ தடைசெய்த இடங்கள் இல்லை, தோளும் முதுகும் பிடித்துக்கொண்டால் தாராளமாக அழுத்திவிடலாம். ஆனால் குழந்தைக்காக இரவெல்லாம் விழித்ததால் தலை வலிக்கிறது என்று தங்கை சொன்னால், அன்றைக்கும் முதலில் மீட்டரைக் கட்டுங்கள்.